உரக்கடை மாடியில் பேய் இல்லை

பேய் இல்லை என்று ஒருமுறை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதிப்பகத்தின் கடிதத்தாளில், முத்திரை குத்தி. நம் தொழிலில் இப்படி ஒரு சான்று கொடுத்தவர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அந்தப் பேயே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது.

பதிப்புத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது பயனுள்ளதாகச் சொல்லச் சொன்னார்கள். பிழை திருத்துவதையும் பக்கம் அமைப்பதையும் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு தப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இரண்டும் நான் செய்தவை. இரண்டும் ஒரே புத்தகத்தில்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் செஞ்சியிலிருந்து ஒரு நாவல் வந்தது. எழுதியவர் பெயர் கலைச்செல்வி. கணவர் சபாபதி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே ஒரு மாடி. கலைச்செல்வி சமையலுக்கும் கடைக் கணினிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் முழு நாவலையும் கைபேசியிலேயே தட்டி, அத்தியாயம் அத்தியாயமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தலைப்பு, 'உரக்கடை மாடி'.

கதை எளிமையானது. ஓர் உரக்கடை வீட்டுக்கு மருமகளாக ஒரு பெண் வருகிறாள். வீட்டில் நான்கு பேர். ஆனால் தினமும் ஐந்து தட்டு கழுவ வேண்டியிருக்கிறது. ஐந்தாவது தட்டு மாடிக்குப் போகிறது, காலியாக இறங்கி வருகிறது. யாருக்கு என்று கேட்டால் மாமியார் "பூனைக்கு" என்கிறாள். எந்தப் பூனை காபி குடிக்கும் என்று அந்தப் பெண் யோசிக்கிறாள். இதை நான் படித்தது காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது. அப்படியும் கையில் மயிர் சிலிர்த்தது.

பேய் நாவல் என்றால் நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் பாழடைந்த அரண்மனையில்தான் ஆரம்பிப்பார்கள். இந்த அம்மாவின் ஊரில் உண்மையாகவே கோட்டை இருக்கிறது. ஆனால் நாவலில் கோட்டையே இல்லை. யூரியா மூட்டை, வேப்பம்புண்ணாக்கு வாசனை, கூரையில் குதிக்கும் குரங்குகள், மதியம் முழுக்க ஓடும் சீரியல், அதற்கு மேலே நடக்கும் காலடிச் சத்தம். அவ்வளவுதான்.

"கோட்டையை விட்டுவிட்டு பேயை ஏன் உரக்கடையில் வைத்தீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"கோட்டைக்கு டிக்கெட் எடுக்கணும் மேடம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிடுவாங்க. அங்க குரங்குதான் இருக்குது. பேய் வீட்லதான் இருக்கும்" என்றார்.

எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது பேயின் நடத்தை. அந்தப் பேய் தினமும் செய்தித்தாள் படித்தது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. கீழே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தால் தரையைத் தட்டியது. அந்த வீட்டுக் குழந்தையின் கணக்கு நோட்டைக் கயிற்றுக் கூடையில் மேலே வாங்கி, தப்பைத் திருத்தித் திரும்ப இறக்கியது. ஒருநாள் காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று டம்ளரைத் திருப்பி அனுப்பியது. நான் குறிப்பு எழுதினேன்: 'பேய்க்கு எதற்குச் செய்தித்தாள்? நகைப்புக்கு இடமாகிறது. நீக்கவும்.'

கலைச்செல்வி கூப்பிட்டார். "மேடம், அது பேப்பர் படிக்கும் மேடம்."

"பேய் என்றால் பயமுறுத்த வேண்டாமா?"

"இது பயமுறுத்தற பேய் இல்ல மேடம். சும்மா இருக்கற பேய்."

முதல் புத்தகம் எழுதுகிறவரின் குழப்பம் என்று நினைத்துக்கொண்டேன். செய்தித்தாளை வெட்டினேன். கணக்கு நோட்டை வெட்டினேன். காபியையும் வெட்டினேன். பதிலுக்கு ஒரு வெள்ளைப் புடவை கொடுத்தேன். காலில் சலங்கை கட்டினேன். அது வரும்போது மல்லிகை வாசம் வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தலைப்பை 'சலங்கை கட்டிய நிழல்' என்று மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "சரிங்க மேடம்" என்றார். கடைசியாகச் சலங்கைக்கு மட்டும் "உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

இது முதல் தப்பு. எழுதுகிறவர் "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லும் இடத்தில் நமக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை என்று அர்த்தம். எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது.

புத்தகம் வந்தது. சபாபதிக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டுக்கட்டாக வாங்கிக் கடை மேசையில் அடுக்கி, மூன்று மூட்டை எடுக்கிறவர்களுக்கு ஒரு நாவல் இலவசம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். செஞ்சிக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் பொட்டாஷோடு பேய்க்கதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் படிக்கவில்லை. பிறகு கேட்டபோது, "எனக்குப் படிக்கற பழக்கம் இல்ல மேடம். அட்டை நல்லா இருந்துச்சு" என்றார்.

வாங்கிப்போனவர்கள் படித்தார்கள். வெளியூர் விவசாயிகள் பலர் அந்தக் கடையில் பில்லுக்காகக் காத்திருந்தபோது தலைக்கு மேலே யாரோ நடக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். கதையையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் எதிர்ச்சாரியில் கூட்டம் கூடி மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பெஞ்சு போட்டார். கைபேசியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நான்கைந்து பேர் வந்து, "நண்பர்களே, நமக்குப் பின்னாடி தெரியறதுதான் அந்த மாடி" என்று பேசிப் படம் எடுத்தார்கள். ஒருவர் வேப்பம்புண்ணாக்கு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, இது பேய் நடக்கிற இடத்துக்குக் கீழே இருந்ததா, தள்ளி இருந்ததா என்று கேட்டாராம்.

சிரிக்கலாம். ஆனால் அந்த வீட்டில் திவ்யா என்று ஒரு பெண் இருந்தாள். சபாபதிக்கும் கலைச்செல்விக்கும் ஒரே மகள். பக்கத்து ஊரான வல்லத்தில் மணிலாக் கடலை பயிரிடும் கோதண்டம் என்பவரின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்வதாக இருந்தது. கோதண்டம் ஆள் அனுப்பிவிட்டார். பேய் இருக்கிற வீட்டில் பெண் எடுப்பதில்லையாம்.

அடுத்த நாள் சபாபதி சென்னைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் நம் புத்தகம், உர நிறுவனத்தின் பிளாஸ்டிக் பையில்.

"இன்னா மேடம் இது? எம் பொண்டாட்டி கதை எழுதினான்னு சந்தோஷப்பட்டேன். இப்ப எம் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு. பேய் இல்லன்னு நீங்க எழுதிக் குடுங்க."

"அது கதைதானே? எல்லோருக்கும் தெரியுமே."

"வல்லத்துல தெரியல மேடம்."

நான் ஒன்று கேட்டேன். கேட்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் பதிலைக் கவனிக்கவில்லை. "மாடியில் யார் இருக்கிறார்கள்?"

"யாரு இருக்காங்க? பழைய சாமான்தான் கெடக்குது" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தார்.

எனக்கு அன்றைக்கு மூன்று புத்தகங்கள் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. அவரை அனுப்பிவிட்டால் போதும் என்று பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். 'சலங்கை கட்டிய நிழல் என்னும் நாவலில் வரும் பேய் முற்றிலும் கற்பனையே. அந்த வீட்டு மாடியில் அப்படி ஒருவரும் இல்லை. மேற்படி பேயால் எவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று உறுதியளிக்கிறோம்.' கீழே என் கையெழுத்து. இது இரண்டாவது தப்பு.

சபாபதி அதை லேமினேஷன் செய்து கடை வாசலில் மாட்டினார். கூட்டம் இரண்டு மடங்கு ஆனது. பேய் இல்லை என்று சென்னையிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய பேயாக இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

பிறகுதான் அந்தத் தொலைபேசி. ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பேசியது.

"அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"ஆமாம். நீங்கள் யார்?"

"ஒருவரும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்தப் பேய் பேசறேன்."

அந்த வாரம் இதுபோல விளையாட்டு அழைப்புகள் நிறைய வந்திருந்தன. வைத்துவிடப் போனேன்.

"வெச்சிடாதீங்க. உங்க லெட்டர்ல ஒரு எடத்துல உதைக்குது. மொதல்ல கற்பனைன்னு சொல்றீங்க. அப்பறம் அதால தொந்தரவு இல்லன்னு உறுதி குடுக்கறீங்க. கற்பனைக்கு எதுக்கு உறுதி?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் வாக்கியத்தில் முரண் பார்க்க மாட்டார்கள். "நீங்கள் யார் அம்மா?" என்று மறுபடியும் கேட்டேன். இந்தமுறை கேள்வி வேறு மாதிரி வந்தது.

பெயர் வசந்தா. சபாபதியின் அக்கா. இருபத்திரண்டு வருடமாக அந்த மாடியில் இருக்கிறார். திவ்யா கடிதத்தைக் கைபேசியில் படம் எடுத்து அவரிடம் காட்டியிருக்கிறாள். இப்போது பேசுவதும் அவள் கைபேசியிலிருந்துதான். "எந்தம்பி இல்லன்னு சொல்லுவான், அது பழகிப்போச்சு. மெட்ராஸ்லேர்ந்து முத்திரை குத்தி இல்லன்னு சொல்றீங்க பாருங்க, அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கலைச்செல்வியைக் கூப்பிட்டேன். அவர் அழவில்லை. எப்போதோ வரவேண்டிய கேள்வி இப்போது வந்திருக்கிறது என்பதுபோலப் பேசினார்.

"மனுஷியா எழுதினா நான் அந்த வீட்ல இருக்க முடியுமா மேடம்? பேய்னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அண்ணி பேப்பர் படிக்கறதையாவது உட்டுவைப்பீங்கன்னு பாத்தேன்."



அவரே தொடர்ந்தார். "ஞாயித்துக்கெழம வல்லத்துக்காரங்க வராங்க. பேய் ஓட்டறதுக்கு பூசாரிய வேற கூட்டினு வராங்க. ஓட்டிட்டா கல்யாணத்துக்கு சரின்னுட்டாங்க. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. நீங்க வாங்க மேடம்."

ஞாயிறு காலை பஸ் பிடித்துப் போனேன். எதற்குப் போகிறேன், போய் என்ன செய்யப்போகிறேன் என்று வழி முழுக்கத் தெளிவில்லை. ஆசிரியருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடுவில் பதிப்பாசிரியர் நுழையக் கூடாது என்பதுதான் நான் மற்றவர்களுக்குச் சொல்லி வந்த விதி.

நான் போனபோது முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டம், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன். பூசாரி மூலையில் உடுக்கையோடு. அவர் கூடவே ஒரு மைக் செட்டையும் கொண்டுவந்திருந்தார். மாடியில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று சபாபதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். சபாபதி வியர்த்துப்போயிருந்தார். மாடிச் சாவி தொலைந்துவிட்டது என்கிறார், படி உடைந்திருக்கிறது என்கிறார், மேலே பூச்சிமருந்து வைத்திருப்பதால் மூச்சு முட்டும் என்கிறார். கலைச்செல்வி கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார்.

என்னைப் பார்த்ததும் சபாபதிக்கு உயிர் வந்தது. "இதோ மேடமே வந்துட்டாங்க. புக்கு போட்டவங்க. நீங்களே சொல்லுங்க மேடம், மேல ஒண்ணும் இல்லதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மேலே யாரோ நாலு அடி நடந்தார்கள். டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் பதிப்பகம் நினைவுக்கு வந்தது. வழக்கு வருமா, முதலாளி என்ன சொல்வார் என்று. அடுத்து திவ்யா. கதவோரம் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள், முகத்தில் ஒன்றுமே இல்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் கல்யாணம் நடக்கும். ஏற்கனவே முத்திரையோடு சொன்ன வார்த்தைதான். இன்னொரு முறை சொல்வதில் என்ன கஷ்டம்? மேலே இருப்பவர் மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வந்தார். அப்படி வந்ததற்கு எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தபிறகு அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. தெரியாமல் ஒருமுறை அவரை இல்லை என்று சொன்னேன். இப்போது தெரிந்தே சொல்ல வேண்டும்.

"நான் கொடுத்த கடிதம் தப்பு" என்றேன். "மேலே இருப்பது பேய் இல்லை. ஓர் ஆள். அவர் யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். கீழே வர இஷ்டமா என்று கேட்டுவிட்டு வருகிறேன்."

"மேடம்!" என்று சபாபதி எழுந்தார்.

"உக்காரு நைனா" என்றாள் திவ்யா அப்பாவிடம்.

படி உடைந்திருக்கவில்லை. கதவில் பூட்டும் இல்லை. தட்டினேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது. சுத்தமான அறை. சுவரோரம் தோள் உயரத்துக்குச் செய்தித்தாள் அடுக்கு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர், ஆரஞ்சு நிற நைலக்ஸ் புடவை, மூக்குக்கண்ணாடி. கையில் நம் நாவல்.

வா என்றுகூடச் சொல்லவில்லை. "சலங்கை யாரு ஐடியா?" என்றார்.

"என்னுடையதுதான்."

"மல்லிப்பூ?"

"அதுவும்."

"எனக்கு மல்லிப்பூ வெச்சா தும்மல் வரும். அவ எழுதினது இல்லன்னு அப்பவே தெரியும். கலைக்கு நான் தும்மறது தெரியும்."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். யார் உங்களை இங்கே வைத்தது என்று கேட்டேன்.

"யாரும் பூட்டல. கட்டிக்குடுத்த நாலாம் நாள் பொட்டியத் தூக்கினு பஸ் ஏறி வந்துட்டேன். ஏன்னு யாருக்கும் சொல்லல, இப்பவும் சொல்லமாட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தா, கொஞ்ச நேரம் மேல இருன்னாங்க. இருந்தேன். கடையில எந்நேரமும் யாராவது வந்துகினே இருப்பாங்க. அப்ப கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம்? ஒருநாள் நானே தாப்பா போட்டுக்கினேன். நான் பெங்களூர்ல வேலைல இருக்கேன்னு தம்பி சொல்லிட்டான். தெருவுக்கே தெரியும் நான் மேல இருக்கறது. எல்லாரும் அவன்கிட்ட, 'அக்கா பெங்களூர்ல எப்டி இருக்குது'ன்னு கேப்பாங்க. 'நல்லா இருக்குது, அங்க குளிரு'ன்னு சொல்லுவான். எனக்கு இங்க கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"கீழ யாரு யாரு வந்திருக்காங்க?"

சொன்னேன். மைக் செட்டைப் பற்றியும் சொன்னேன். "எனக்கு மைக்கு வேறயா" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். "இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இருக்குன்னும் நீங்களே எழுதிக் குடுங்க. கையில ஒரு காயிதம் இருந்தா இறங்கி வர தைரியமா இருக்கும்."

எழுதினேன். 'முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்த வீட்டு மாடியில் இருக்கும் வசந்தா கற்பனை அல்ல.'

வாங்கிப் படித்தார். கடைசி வார்த்தையில் விரலை வைத்தார். "அல்லன்னா அஃறிணை. அல்லள்னு போடுங்க."

முப்பது வருடம் இதே வேலை பார்த்தவள் நான். அடித்துவிட்டு 'அல்லள்' என்று எழுதினேன்.

அவர் முன்னால் இறங்கினார், நான் பின்னால். முன்னறைக்குள் நுழைந்து கடிதத்தைக் கோதண்டத்திடம் கொடுத்தார். கோதண்டம் எழுந்து நின்று, ஏதோ கோர்ட் உத்தரவுபோல இரண்டு கையாலும் வாங்கி, உதடு அசையப் படித்தார். அவர் மனைவிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சம்பந்தம் பேசியபோது பெண்ணின் அத்தை பெங்களூரில் இருப்பதாகக் கேட்டிருந்த பழக்கத்தில், "பெங்களூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"இப்பதான் வரேன்" என்றார் வசந்தா. "பதினேழு படி."

பூசாரி உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் யாருக்கு அடிக்கறது?" என்றார்.

கோதண்டம் கடிதத்தை மடித்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "பேய்னா ஓட்டிடலாம் சபாபதி. அத்தைய எப்டி ஓட்டறது?" என்றார்.

சபாபதி தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, தோள் துண்டால் அதைத் துடைத்து, வசந்தாவுக்கு முன்னால் போட்டார். "உக்காருக்கா" என்றார். வெளியாள் முன்னால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வசந்தா உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். முந்திரி நிறைய போட்டிருக்கிறாய் என்று கலைச்செல்வியிடம் சொன்னார். கலைச்செல்வி சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதது எனக்கு மட்டும் கேட்டது.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன். வல்லத்து சம்பந்தம் நின்றுபோனது. பேயைக் காரணம் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெண்ணின் அத்தை வாழாவெட்டி என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனைத் திவ்யாவுக்குப் பிடித்திருந்தது. அவள் இரண்டு மாதம் தன் அம்மாவோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் என் பங்கு உண்டு, அதை நான் வேறு யார் தலையிலும் போட முடியாது. கலைச்செல்வி ஒருநாள் கூப்பிட்டு, "நான் எழுதாம இருந்திருக்கலாமா மேடம்?" என்றார். இல்லை என்று சட்டென்று சொல்லத் தோன்றியது. இந்த விஷயத்தில் என் 'இல்லை'க்கு மதிப்பு போயிருந்ததால் பேசாமல் இருந்தேன்.

எதிர்ச்சாரிக் கூட்டம் கரைந்துபோனது. டீக்கடைக்காரர் சபாபதியிடம் வருத்தப்பட்டாராம். வசந்தா தினமும் கீழே வந்து பில் மேசையில் உட்கார ஆரம்பித்தார். கலைச்செல்வியை அவர் உடனே மன்னித்துவிடவில்லை. "பேயா எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். அது நியாயம். என்னையும் சேர்த்து, அவரிடம் யாருமே எதுவுமே கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தோம், இந்தமுறை வசந்தாவிடம் கேட்டுவிட்டு. தலைப்பும் 'உரக்கடை மாடி' என்றே வந்தது. கடிதம் எழுதிய வாசகர்களில் பாதிப்பேர், செய்தித்தாள் படிக்கும் பேய்தான் தங்களைத் தூங்கவிடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். சலங்கைக்கு யாரும் பயப்படவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கையெழுத்துப் பிரதியில் ஏதாவது கோணலாக, கதைக்கே பொருந்தாமல், பிடிவாதமாக நின்றால் அதை வெட்டும் முன் எழுதியவரிடம் கேளுங்கள்: இதை எங்கே பார்த்தீர்கள்? எழுதத் தெரியாமல் வந்த கோணலும் உண்டு. ஆனால் சில கோணல்கள் கண்ணால் பார்த்ததால் வந்தவை. நம் வீடுகளைப் பற்றிப் பெண்கள் எழுதும்போது, சொல்ல முடியாததைப் பேய் என்று பெயர் வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். பேய்க்கு அழகு செய்கிறேன் என்று நாம் போய் உட்கார்ந்தால், உள்ளே இருக்கிற ஆள் காணாமல் போய்விடுவார். இன்னொன்று. யாராவது அவசரமாக வந்து, ஒன்று இல்லவே இல்லை என்று எழுதிக் கேட்டால், பத்து நிமிடத்தில் கொடுக்காதீர்கள்.

அடுத்த வருடம் திவ்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. வேறு இடம், திண்டிவனம் பக்கம். பத்திரிகை வந்ததால் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவப் போனபோது, குழாய்களுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று நானும் கடைசியில் நின்றேன். பிறகுதான் பார்த்தேன், அவர்கள் குழாய்க்கு நிற்கவில்லை. வரிசையின் முனையில், தாம்பூலப் பைகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால், பெண்ணின் அம்மா கலைச்செல்வி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருத்தியாகக் கிட்டே போய், அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார்கள். பட்டுப்புடவை, மோதிரம், தலை நிறையப் பூ, ரகசியக் குரல். "எங்க மாமனார் வீட்லயும் மாடியில ஒரு ரூமு இருக்குது" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கலைச்செல்வி ஒரு காகிதப் பையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் தளவானூரிலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. தன் முறை வந்ததும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா," என்றாள் அவள், "எங்க வீட்ல மாடி இல்ல. பரவால்லியா?"

"பரவால்ல" என்றார் கலைச்செல்வி. "சொல்லு."